ஒரு குரலும் பல செவிகளும்: தோட்டத்துச் செய்தி வழிகளும் மல்டிகாஸ்ட் வழிச்செலுத்தலில் பழுதறிதலும்

1. முன்னுரை

ஓரிடத்தில் தோன்றும் செய்தி, பல இடங்களிற் பரந்து வாழும் பலரை ஒரே காலத்தில் எவ்வாறு சென்றடைகின்றது என்பது தொழில்நுட்பத்துக்கு மட்டும் உரிய வினா அன்று. செய்தியை அனுப்புபவர் யார், இடைநின்று கடத்துபவர் யார், இறுதியிற் பெறுபவர் யார் என்னும் வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. இவ்வினாக்களுக்குச் சமுதாய வரலாற்றிலும் விடை உண்டு. கணினி வலைப்பின்னலின் வரலாற்றிலும் விடை உண்டு. இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, மத்திய மலைநாட்டில் அக்கரப்பத்தனையையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் போன்ற இடங்களிற் செய்தி பரவிய வரலாறு. இரண்டாவது, ‘மல்டிகாஸ்ட்’ எனப்படும் குழுப்பரப்பு முறையின் வரலாறு. ஒரு மூலத்திலிருந்து புறப்படும் தரவு, அதனை வேண்டி நிற்கும் பல கணினிகளுக்கு மட்டும் கிளை பிரிந்து செல்வதற்கு அமைந்த முறை இது. இம்முறையிற் பழுது நேருமிடத்து, அது எந்த இரு வழிச்செலுத்திகளுக்கு இடையில் நேர்ந்தது என்பதைக் கண்டறிவதற்குப் பொறியியலாளர் வகுத்துக்கொண்ட ஒழுங்கு, வரலாற்று மாணவருக்கும் பயன்படத்தக்கது என்பது எமது கருத்தாகும்.

ஒப்புமை என்பது இருமுனைக் கத்தி. இயந்திரத்தையும் சமுதாயத்தையும் ஒன்றெனக் கொள்வது இயக்கவியல் நோக்குக்கு முரணானது. ஆதலின் ஒப்புமை எங்கே பொருந்துகின்றது என்பதோடு, எங்கே முறிகின்றது என்பதையும் உரிய இடத்திற் சுட்டுவோம்.

2. தோட்டத்தின் செய்தி மரம்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாகச் செல்லும் பாதை அக்கரப்பத்தனையை அடைந்து டயகமை வரை நீள்கின்றது. கொத்மலை ஓயாவுக்கு நீர் சேர்க்கும் ஆக்ரா ஓயாவின் பள்ளத்தாக்கு இது. ஹோல்புரூக், டொரிங்டன், பால்மோரல், கிளாஸ்கோ எனத் தோட்டங்களின் பெயர்களே அவற்றின் மூலதனம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டுவன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டதும், 1869இல் தோன்றிய இலை நோய் கோப்பிப் பயிர்ச்செய்கையைச் சிதைத்ததும், 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் புகையிரதப் பாதை எட்டியதும் இப்பிரதேசத்தை உலகச் சந்தையோடு இறுகப் பிணைத்தன. கொழும்புக்கும் காலிக்குமிடையே 1858இல் தந்தி அமைந்துவிட்டது. ஆயினும் தந்தியும் புகையிரதமும் தோட்டத்தின் எல்லை வரையே வந்தன. அதற்கப்பால் லயம் வரை செய்தி சென்ற வழி வேறு.

அவ்வழி மரத்தின் வடிவில் அமைந்தது. வேர் துரை. துரையிடமிருந்து பெரிய கனக்கப்பிள்ளைக்கும், அவரிடமிருந்து கணக்கப்பிள்ளைமாருக்கும், பின்னர் கங்காணிமாருக்கும், அவர்களிடமிருந்து தத்தம் கூட்டத்தைச் சேர்ந்த தொழிலாளருக்கும் கட்டளை இறங்கியது. விடியுமுன் தப்பு முழங்கும், தொழிலாளர் பெரட்டுக் களத்திற் கூடுவர், பெயர் அழைக்கப்படும், இன்று எந்த மலையிற் கொழுந்து, எந்த மலையிற் கவ்வாத்து என்பது அங்கு அறிவிக்கப்படும். செக்ரோலிற் பெயர் பதியப்பட்டவருக்கே அன்றைய ‘பேர்’ உண்டு. அழைப்பு ஒவ்வொரு நாளும் புதுப்பிக்கப்பட்டது. வாராதவரின் இடம் அன்றைக்கு இல்லையாயிற்று.

இம்மரத்தின் இரண்டு இயல்புகள் கவனத்துக்குரியன. முதலாவது, ஒவ்வொரு கணுவும் தனக்கு மேலே உள்ளவரையும் கீழே உள்ளவரையும் மட்டுமே அறிந்திருந்தது. துரை தொழிலாளியைப் பெயராலன்றி எண்ணிக்கையால் அறிந்தார். தொழிலாளி கம்பனியை அறிந்திலர். இரண்டாவது, இடைக் கணுக்கள் வெறும் கடத்திகள் அல்ல. பெரிய கங்காணி தன் கூட்டத்தின் அளவுக்கேற்பத் தலைக்காசு பெற்றவர். கூட்டத்தின் கடனைத் தன் கையில் வைத்திருந்தவர். கூட்டத்தின் கடன் தொகையைக் காட்டும் ‘துண்டு’ அவர் வழியாகவே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் சென்றது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, தொழிலாளியைப் பற்றிய செய்தியே தொழிலாளியைக் கட்டும் கயிறாயிருந்தது.

மொழியும் இம்மரத்தின் திசையிலேயே ஓடியது. ஆங்கிலத் துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க எழுந்த கைநூல்கள் பல. 1915இல் வெளிவந்த வெல்ஸ் என்பவரின் ‘கூலித் தமிழ்’ அவற்றுள் ஒன்று. இந்நூல்வகையை ஆராய்ந்த மு. நித்தியானந்தன் தமது 2014ஆம் ஆண்டு நூலுக்கு அப்பெயரையே சூட்டினார். இக்கைநூல்கள் கற்பித்த தமிழ், ஏவுதற்கு அமைந்த தமிழ். மேலிருந்து கீழே ஓடும் சொற்கள் அதில் நிரம்ப உண்டு; கீழிருந்து மேலே ஓடுவதற்கு இடம் மிகக் குறைவு.

தனி மனிதருக்குரிய செய்தியின் நிலை இன்னும் மோசம். லய அறைகளுக்குத் தனி முகவரி நெடுங்காலம் இருக்கவில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்தே தொழிலாளரை அடைந்தன. பெறுபவருக்கு முகவரி இல்லாத இடத்தில், செய்தி அவரை அடைந்ததா என்பதை அலுவலகம் ஒன்றே அறியும்.

3. மல்டிகாஸ்டின் தோற்றம்

இனி இரண்டாவது வரலாற்றுக்கு வருவோம். கணினி வலைப்பின்னலில் தரவு சிறு சிறு பொதிகளாகச் செல்கின்றது. ‘ரவுட்டர்’ என வழங்கும் வழிச்செலுத்தி ஒவ்வொரு பொதியின் முகவரியையும் பார்த்து, அடுத்த வழிச்செலுத்தி எது எனத் தீர்மானித்து அனுப்பும். ஒருவருக்கு ஒருவர் அனுப்பும் இடத்து இதுவே போதும். ஆனால் ஒரே உரையை ஆயிரம் பேர் கேட்க விரும்பினால், மூலம் ஒவ்வொரு பொதியையும் ஆயிரம் முறை அனுப்ப வேண்டும். எல்லாருக்கும் எறிந்துவிடலாம் எனில், வேண்டாதவர் வாசலிலும் அது குவியும். வலையிற் சுற்று வழிகள் இருப்பின் பொதிகள் சுழன்று பெருகி வலையையே முடக்கும்.

சுழற்சியைத் தடுக்கும் வழியை 1978இல் யோகன் தலால், றொபேர்ட் மெற்காஃப் ஆகிய இருவரும் வெளியிட்ட கட்டுரை தெளிவாக்கியது. ஒரு பொதி வந்ததும் வழிச்செலுத்தி தன்னைத் தானே ஒரு வினா கேட்க வேண்டும்: ‘இப்பொதியின் மூலத்துக்கு நான் ஏதேனும் அனுப்புவதாயின் எந்த வாயிலால் அனுப்புவேன்?’ பொதி அதே வாயிலால் வந்திருப்பின் ஏற்றுக்கொண்டு மற்றைய வாயில்களால் அனுப்பலாம். வேறு வாயிலால் வந்திருப்பின் அது சுற்றி வந்த பிரதி எனக் கொண்டு எறிந்துவிடலாம். இதனை நாம் ‘வந்த வழிச் சோதனை’ என அழைப்போம். இக்கட்டுரையின் நடு அச்சு இதுவே.

1980களின் நடுப்பகுதியில் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீவ் டீறிங், டேவிட் செரிற்றன் ஆகியோர் ‘விருந்தோம்பிக் குழு’ என்னும் கருத்தை வளர்த்தனர். அதன் புரட்சிகரமான அம்சம் யாதெனில், மூலம் பெறுநரை அறிந்திருக்க வேண்டியதில்லை என்பதாகும். 224 முதல் 239 வரையான எண்களில் தொடங்கும் முகவரிகள் குழுக்களுக்கென ஒதுக்கப்பட்டன. ஒரு கணினி ஒரு குழுவில் தானாகச் சேரும், தானாக விலகும். ‘எனக்கு வேண்டும்’ என்னும் சொல் பெறுபவரின் வாயிலிருந்து புறப்படும். தரவு மேலிருந்து கீழே ஓடுவது உண்மையே. ஆனால் மரம் கீழிருந்து மேலே கட்டப்படுகின்றது. டீறிங்கின் வரையறை 1989 ஆகஸ்டில் இணையத்தின் நியம ஆவணமாக வெளியாயிற்று. அதற்கு முன்னரே, 1988 நவம்பரில், வழிச்செலுத்திகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான டி.வி.எம்.ஆர்.பி. என்னும் நெறிமுறை வகுக்கப்பட்டிருந்தது.

1992 மார்ச்சில் சான் டியேகோ நகரிற் கூடிய இணையப் பொறியியற் பணிக்குழுவின் கூட்ட ஒலி, மூன்று கண்டங்களில் இருந்த இருபது இடங்களுக்கு இம்முறையால் அனுப்பப்பட்டது. ‘எம்போன்’ என்னும் பரிசோதனை வலை இதிலிருந்து வளர்ந்தது. இடையிலிருந்த பெரும்பாலான வழிச்செலுத்திகளுக்கு மல்டிகாஸ்ட் தெரியாது. ஆதலின் தெரிந்த தீவுகளுக்கிடையே, சாதாரணப் பொதிக்குள் குழுப் பொதியை வைத்து அனுப்பும் ‘சுரங்க வழிகள்’ கையால் அமைக்கப்பட்டன. பின்னர் பிம் என்னும் நெறிமுறை தோன்றியது. அதன் அடர் முறை, முதலில் எங்கும் பரப்பிப் பின் வேண்டாத கிளைகளை வெட்டுவது. அருகல் முறை, கேட்டவருக்கு மட்டும் கிளை விடுவது. மூலமும் பெறுநரும் ஒருவரை ஒருவர் அறிவதற்குச் ‘சந்திப்பு முனை’ ஒன்றை வகுப்பது. அருகல் முறையின் முதல் வரையறை 1997இல் வெளியாகி, 2006இலும் 2016இலும் திருத்தி எழுதப்பட்டது.

4. இரு அயலவருக்கிடையே பழுது

மல்டிகாஸ்ட் பழுதுகளின் பொதுப் பண்பு, அவை மௌனமானவை என்பது. அனுப்புபவர் அனுப்பிக்கொண்டே இருப்பார். அவருக்குப் பிழைச் செய்தி எதுவும் திரும்பி வராது. ஏனெனில் யார் பெறுகின்றார் என்பதை அறியாதிருப்பதே அம்முறையின் அடிப்படை. எனவே மூலத்தைக் கேட்டுப் பழுதை அறிய இயலாது. பெறுபவரையும் குற்றஞ்சொல்ல இயலாது. அவருக்குத் தெரிவதெல்லாம் ஒன்றும் வரவில்லை என்பதே.

விளக்கத்தின் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். தலவாக்கலையில் ஒரு மூலம். லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகமை ஆகிய மூன்று இடங்களில் ஒவ்வொரு வழிச்செலுத்தி. டயகமையில் ஒருவர் குழுவிற் சேர்ந்திருக்கிறார். நெடுநாளாகத் தரவு தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகமை என ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அக்கரப்பத்தனைக்கும் தலவாக்கலைக்கும் நேரடியாகப் புதிய இணைப்பு ஒன்று இடப்படுகின்றது. சாதாரணப் போக்குவரத்து உடனே குறுகிய வழியைத் தேர்ந்துகொள்கின்றது. கடிதமும் கோப்பும் முன்னிலும் விரைவாகச் செல்கின்றன. ஆனால் புதிய இணைப்பில் மல்டிகாஸ்ட் நெறிமுறையை எவரும் இயக்கவில்லை.

இப்போது நிகழ்வது யாது? குழுப் பொதிகள் பழைய வழியே லிந்துலையிலிருந்து அக்கரப்பத்தனையை வந்தடைகின்றன. அக்கரப்பத்தனை வழிச்செலுத்தி வந்த வழிச் சோதனையை நடத்துகின்றது. ‘தலவாக்கலைக்கு நான் செல்வதாயின் புதிய இணைப்பாற் செல்வேன், இப்பொதியோ லிந்துலை வாயிலால் வந்திருக்கின்றது, ஆகவே தள்ளத்தக்கது’ என எறிந்துவிடுகின்றது. அடர் முறையில் அது இன்னும் ஒருபடி சென்று, ‘இக்கிளை வேண்டாம்’ என்னும் வெட்டுச் செய்தியை லிந்துலைக்கு அனுப்புதலும் உண்டு. லிந்துலையின் பதிவில் அப்பால் எவருக்கும் தேவையில்லை என்றாகிவிடுகின்றது. அருகல் முறையாயின், டயகமையின் வேண்டுகோளை அக்கரப்பத்தனை புதிய இணைப்பின் வழியே மேலே அனுப்ப முயலும். அங்கே அதனைக் கேட்க அயலவர் இலர். வேண்டுகோள் அங்கேயே இறக்கும்.

மூவரையும் வினவிப் பாருங்கள். தலவாக்கலை, ‘அனுப்புகிறேன்’ என்னும். லிந்துலை, ‘கீழே கேட்பார் இல்லை’ என்னும். டயகமை, ‘கேட்டேன், வரவில்லை’ என்னும். மூன்றும் உண்மை. பழுதோ அக்கரப்பத்தனையில், அதுவும் அது விதியை மீறியதால் அன்று, விதியைப் பிழையற நிறைவேற்றியதால் நேர்ந்தது.

ஆகையால் பழுதறியும் ஒழுங்கு தலைகீழானது. பெறுபவரிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு கணுவாக மூலத்தை நோக்கி ஏற வேண்டும். எம்போன் காலத்திலேயே இதற்கென எழுந்த ‘எம்டிரேஸ்’ என்னும் கருவி, இறுதி வழிச்செலுத்தியிலிருந்து மூலம் வரை பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு படியிலும் எத்தனை பொதிகள் கடந்தன எனக் கேட்டு வரும். எண்ணிக்கை எங்கே திடீரெனக் குறைகின்றதோ, அவ்விரு அயலவருக்கிடையே பழுது உளது.

ஏறும் ஒவ்வொரு படியிலும் கேட்கவேண்டிய வினாக்களைத் தொகுத்துக் கூறுவது பயனுடைத்து.

முதலாவது, பெறுபவரின் சேர்க்கை பதிவாகியுள்ளதா? இறுதி வலையில் ஒரு வழிச்செலுத்தி, இயல்பான அமைப்பில் 125 விநாடிக்கு ஒருமுறை ‘யார் உளர்?’ என வினவும், உள்ளவர் விடையிறுப்பர். விடை இல்லையேல் சுமார் 260 விநாடியிற் பதிவு அழியும். பெரட்டுக் களத்தில் பெயர் அழைத்தலை ஒத்தது இது. வினவுவோர் எவருமில்லாத வலையில், இடைநிற்கும் சுவிட்ச் சேர்க்கையை மறந்துவிடும். ஒலி சில நிமிடங்கள் வந்து ஓயும். தொடக்கத்தில் வந்து பின் நிற்கும் பழுதுக்கு இது வழக்கமான காரணம்.

இரண்டாவது, அயலவர் ஒருவரையொருவர் அறிந்துளரா? பிம் வழிச்செலுத்தி 30 விநாடிக்கு ஒருமுறை அயலுக்கு முகமன் கூறும். 105 விநாடி வரை முகமன் கேளாவிடின் அயலவர் மறைந்தார் எனக் கொள்ளப்படும். ஒரு புறம் நெறிமுறை இயக்கப்படாமை, ஒரு புறம் டி.வி.எம்.ஆர்.பி. பேச மறுபுறம் பிம் மட்டும் அறிந்திருத்தல், நடுவே காவல் விதி ஒன்று இம்முகமனைத் தடுத்தல் ஆகியன இவ்விடத்துக் காரணங்களாம். இரு நெறிமுறைப் பிரதேசங்களின் எல்லையில் இரண்டையும் பேசவல்ல வழிச்செலுத்தி ஒன்று நின்றாலன்றிச் செய்தி கடவாது.

மூன்றாவது, வந்த வழிச் சோதனை எந்த வாயிலைக் காட்டுகின்றது, பொதி எந்த வாயிலால் வருகின்றது? எமது எடுத்துக்காட்டின் நோய் இங்கே வெளிப்படும். புதிய இணைப்பிலும் நெறிமுறையை இயக்குதல், அல்லது குழுப் பொதிக்கு மட்டும் பழைய வாயிலே நேர்வழி என எழுதிவைத்தல் அதற்கு மருந்து.

நான்காவது, சந்திப்பு முனை எது என்பதில் எல்லாரும் உடன்பட்டுளரா? மூலத்துப் பக்கம் ஓர் இடத்தையும் பெறுநர் பக்கம் வேறோர் இடத்தையும் சந்திப்பு முனையெனக் கொண்டால், இரு சாராரும் தத்தம் இடத்திற் காத்திருப்பர், சந்திப்பு நிகழாது.

ஐந்தாவது, பொதியின் ஆயுள் போதுமானதா? ஒவ்வொரு வழிச்செலுத்தியும் பொதியின் ஆயுள் எண்ணில் ஒன்றைக் குறைக்கும். ஆயுள் ஒன்று என அனுப்பப்பட்ட பொதி தன் வலையின் வாசலைத் தாண்டாது.

5. எதிர் மரமும் வாயிற் காவலும்

மேற்கூறிய வந்த வழிச் சோதனையை மனத்திற் கொண்டு தோட்டத்துக்கு மீள்வோம். தோட்டத்திலும் செய்தியின் உண்மை அதன் உள்ளடக்கத்தால் அன்று, அது வந்த வாயிலாலேயே தீர்மானிக்கப்பட்டது. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்னும் வாயிலால் வந்ததே செய்தி. வேறு வாயிலால் வந்தது அத்துமீறல். தோட்டம் தனியார் நிலம். பாதை தனியார் பாதை. வெளியாள் நுழைவது குற்றம். தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யும் சட்டம் 1935இல் வருவதற்கு முன், தொழிலாளரிடம் நேரே பேச விரும்பியவருக்கு இக்காவலே முதல் தடை.

கோ. நடேசய்யர் இத்தடையை எதிர்கொண்ட முறை வரலாற்று முக்கியத்துவமுடையது. அவர் புடவை வியாபாரி வேடத்திற் தோட்டங்களுக்குட் சென்றார் என்பது அவர் வரலாற்றிற் தொடர்ந்து கூறப்படும் செய்தி. ‘தேசபக்தன்’ முதலாய இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் நடத்தினார். 1931இல் அட்டனை நிலையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாட்டின் வடிவிற் செய்தியைக் கொண்டு சென்றார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடையே அச்சிட்ட தாள் ஒருவர் கையோடு நின்றுவிடும். பாட்டோ ஒருவர் வாயிலிருந்து பலர் வாய்க்குச் செல்லும். வழிச்செலுத்திகள் அறியாத நிலத்தில் அமைக்கப்பட்ட சுரங்க வழிகளை இது ஒருவாறு நினைவூட்டுகின்றது: அனுமதிக்கப்பட்ட பொதியினுள் அனுமதிக்கப்படாத செய்தி.

1939இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியதன் பின், தோட்டத்துள் இரண்டாவது மரம் ஒன்று வேரூன்றியது. தலைமையகம், மாவட்ட அலுவலகம், தோட்டக் கமிட்டி, தலைவர், அங்கத்தவர் என்பது அதன் கிளைமுறை. அங்கத்துவம் பெறுநரின் விருப்பத்தால் அமைந்தது என்பதே அதற்கும் கங்காணி மரத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. ஆயினும் காலப்போக்கில் இடைக் கணுக்களுக்கென நலன்கள் அங்கும் உருவாகலாயின என்பதை மறைத்தல் அறிவு நேர்மையாகாது.

இங்கேதான் ஒப்புமை முறிகின்றது. வழிச்செலுத்தி பொதியை எறிவது சுழற்சியைத் தடுப்பதற்கு; அதற்கு வேறு நோக்கம் இல்லை. தோட்டத்தின் வாயிற் காவல் செய்தியைத் தடுத்தது கூலியின் மட்டத்தைக் காப்பதற்கு. முன்னையதன் பழுது அறியாமையின் விளைவு. பின்னையதன் ‘பழுது’ அமைப்பின் நோக்கமே. சமுதாயத்திற் கணுக்களுக்கு வர்க்க நலன் உண்டு என்பதை மறந்து செய்தித் தொடர்பு பற்றிப் பேசுபவர், மின்னோட்டத்தைப் பற்றிப் பேசுவாரேயன்றி மனிதரைப் பற்றிப் பேசமாட்டார்.

6. தொழில்நுட்பமும் உடைமையும்

அவ்வாறாயின் மல்டிகாஸ்டின் வரலாறு நலன்களுக்கு அப்பாற்பட்டதா? அதுவும் அன்று. 1990களில், எதிர்கால இணைய வானொலியும் தொலைக்காட்சியும் இம்முறையாலேயே இயங்கும் எனப் பலர் நம்பினர். நடந்தது வேறு. ஒரே நிறுவனத்தின் வலைக்குள், பங்குச் சந்தை விலைகளை அனுப்புவதற்கும், இணைய வழித் தொலைக்காட்சிச் சந்தாதாரருக்கு ஒளிபரப்புவதற்கும் மல்டிகாஸ்ட் இன்றும் உழைக்கின்றது. ஆனால் ஒரு நிறுவனத்தின் வலையிலிருந்து இன்னொன்றின் வலைக்கு அது பரவலாகச் செல்லவில்லை.

2000ஆம் ஆண்டளவில் ஆய்வாளர் இதற்குக் கூறிய காரணங்களுட் பல, நெறிமுறையின் சிக்கலோடு நில்லாதவை. ஒரு பொதி உள்ளே வந்து நூறாகப் பெருகினால் கட்டணம் யாரிடம் அறவிடுவது? பிறர் வலையில் உள்ள சந்திப்பு முனையை எம் வாடிக்கையாளர் நம்பியிருக்க வேண்டுமா? எவரும் எக்குழுவுக்கும் அனுப்பலாம் எனில் கட்டுப்பாடு யாருடையது? 2020இல் இணையப் பொறியியற் பணிக்குழு, பல மூலங்களுக்கு இடங்கொடுக்கும் பழைய வடிவத்தை நிறுவனங்களுக்கிடையிற் பயன்படுத்துதலைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. பெறுபவர் மூலத்தையும் குறிப்பிட்டுக் கேட்கும் வடிவமே எஞ்சியது. வழிச்செலுத்திகள் இரண்டுக்கிடையிலான பழுதை விநாடிக் கணக்குக் கொண்டு தீர்க்கலாம். உடைமைகள் இரண்டுக்கிடையிலான பழுதுக்கு அத்தகைய கருவி இல்லை. உற்பத்திச் சக்திகள் கொணர்ந்த சாத்தியத்தை உற்பத்தி உறவுகள் எல்லையிட்டுக் காக்கும் என்பதற்கு இது சிறியதாயினும் தெளிவான சான்று.

7. கடைசிக் கணு

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிற் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எழுதப்பட்டது, அனுப்பப்பட்டது. ஆயினும் அன்று காலை மக்கள் அதே லயங்களில் இருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் மீண்டும் பெரும் உயிரிழப்பை விளைத்தன.

இத்தகைய அழிவின் பின் எழும் முதற் குரல், ‘அறிவித்தோம்’ என்பதாகும். அடுத்த குரல், ‘சொல்லியும் கேட்கவில்லை’ என்பதாகும். முன்னது மூலத்தின் பதிவு; பின்னது பெறுநர்மேற் சுமத்தப்படும் பழி. நாம் மேலே கண்ட ஒழுங்கு இவ்விரண்டையும் ஏற்பதில்லை. லயத்து வாசலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறிக் கேட்க வேண்டும். செய்தி அவர்கள் மொழியில் வந்ததா? யார் கொண்டு வந்தார்? அவருக்கு யார் சொன்னார்? வெளியேறுக என்றவர், எங்கே போவது என்றும் சொன்னாரா? காணியற்றவருக்கு, செல்லுமிடம் இல்லாத எச்சரிக்கை ஆயுள் ஒன்றெனக் குறித்து அனுப்பிய பொதியே. வாசலைத் தாண்டுமுன் அது இறந்துவிடுகின்றது.

இலக்கிய வரலாற்று மாணவருக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. தோட்டத் துரைமாரின் நாட்குறிப்புகளும், கம்பனி அறிக்கைகளும், செக்ரோல்களும் மூலத்தின் பதிவுகள். அவை ‘அனுப்பினோம்’ என்பதையே மீண்டும் மீண்டும் கூறும். கடைசிக் கணுவின் பதிவுகள் வேறிடத்தில் உள்ளன: சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில், தொழிலாளர் முறைப்பாடுகளில், முதியோர் நினைவுகளில். அங்கிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்லும் வரலாறே, எந்த இரு கணுக்களுக்கிடையே குரல் அறுந்தது என்பதைக் காட்டவல்லது. டயகமையில் ஒருவர் ‘கேட்டேன், வரவில்லை’ என்று கூறும்போது, அதனைக் குறைகூறலாக அன்றிச் சான்றாகக் கொள்ளுதல் எமது துறையின் கடமையாகும்.